இன்னும் ஒரு வருஷம்

என் கணவரின் அடக்க ஆராதனையில் போதகர் நெடுநேரம் பேசினார். கர்த்தர் தம்முடைய தோட்டத்துக்குள் வந்து, பழுத்த கனியைத் தம் கையாலேயே பறித்துக்கொண்டார் என்றார். நான் பெட்டியின் தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பழம் பறிக்க வந்தவர் பழத்தின்மேல் மரத்தைச் சாய்ப்பாரா என்று எழுந்து கேட்க நினைத்தேன். எழ முடியவில்லை. என் கணவரின் அக்கா, என் நாத்தனார், பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். ஆறுதலுக்குப் பிடித்தாரா, நான் எழுந்துவிடாமல் இருக்கப் பிடித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அழுதேனா என்றால், அழுதேன். அழுவதற்கு எல்லாரும் இடம் கொடுத்தார்கள், தோள் கொடுத்தார்கள், காப்பி கொடுத்தார்கள். கோபத்துக்குத்தான் ஒருவரும் நாற்காலி போடவில்லை.

என் கணவரைப் பாதிப் பேருக்குப் பெயர் சொன்னால் தெரியாது. உவமைக்காரர் என்றால் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கம் தொடங்குமுன் ஒரு சின்னச் செய்தி சொல்வது அவர் வழக்கம். எல்லாச் செய்தியும் எங்கள் பண்ணையிலிருந்துதான் போகும். பம்ப்பில் காற்று அடைத்துக்கொண்டால் முதலில் நாம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால்தான் அது இறைக்கத் தொடங்கும், ஜெபமும் அப்படித்தான் என்பார். சபை உருகிப்போகும். அந்தக் குடம் என் இடுப்பில் இருந்த குடம். நான் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவர் பம்ப் கொட்டகை வாசலில் நின்று, "இதுல ஒரு செய்தி இருக்கு பாத்தியா?" என்று வானத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கறக்கும்போது உதைக்கிற மாடு ஒன்று இருந்தது. அதை வைத்து மனந்திரும்பாத இருதயத்தைப் பற்றிப் பேசினார். உதை வாங்கியது யார் என்று சொல்லவில்லை.

"உதை எனக்கு, உவமை உங்களுக்கா?" என்று அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"நீ உதை வாங்கலைன்னா சபைக்குச் செய்தி ஏது?" என்றார், என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே.

சிரித்துவிட்டேன். அவரிடம் அதுதான் பெரிய தொல்லை. ஒரு பொழுதாவது ஒழுங்காகக் கோபித்துக்கொண்டிருக்க விடமாட்டார்.

சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம். நோய் கண்ட கன்றை மடியில் கிடத்திப் பாட்டுப் பாடி மருந்து ஊட்டுவார். மாட்டுக்கு உண்ணி பொறுக்குவதில் அவரளவு பொறுமை யாருக்கும் வராது. ஆனால் பண்ணையில் வெட்டுவது, பிடுங்குவது, கழிப்பது என்று ஒரு பாதி வேலை இருக்கிறதல்லவா, அது அவருக்கு ஆகாது. நெருக்கமாக முளைத்த செடிகளைக் கலைத்து விடுங்கள் என்று அனுப்பினால், பிடுங்கியதையெல்லாம் வரப்போரமாக நட்டு, தண்ணீரும் தெளித்துவிட்டு வருவார். "அதுவும் முளைச்சதுதானே" என்பார். அந்தப் பாதி வேலை முழுவதும் என் கைக்கு வந்தது. ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று, மாட்டுக்கொட்டகைக்கும் வயலுக்கும் நடுவே நின்ற மாமரம். அது காய்த்து யாரும் பார்த்ததில்லை. கல்யாணமாகி நான் இந்தப் பண்ணைக்கு வந்தபோதே அதன் உச்சியில் பாதி பட்டுப்போயிருந்தது. வேதத்தில் ஓர் உவமை உண்டு. சபைக்குப் போகாதவர்களும் கேட்டிருப்பார்கள். காய்க்காத அத்திமரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் தோட்டத்தின் சொந்தக்காரர். தோட்டக்காரன் குறுக்கே வந்து, இன்னும் ஒரு வருஷம் விட்டுவையுங்கள், அடிமண்ணைக் கொத்திவிட்டு எரு வைக்கிறேன், அப்புறமும் காய்க்காவிட்டால் பார்ப்போம் என்று கெஞ்சுகிறான். என் கணவர் அந்த உவமையைத் தூக்கிவந்து எங்கள் மாமரத்தின்மேல் மாட்டிவிட்டார். வருஷத்துக்கு ஒருமுறையாவது அதைப் பற்றிப் பேசுவார். "கர்த்தர் நம்மையெல்லாம் அப்படித்தான் பொறுத்துக்கிட்டிருக்கார். எங்க வீட்டு மரத்த வந்து பாருங்க" என்பார். ஆராதனை முடிந்து வந்து பார்ப்பார்கள். அதன் கீழே குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். உவமையில் வருவது அத்திதானே, இது மாமரமாச்சே என்று ஒருவர் கேட்டாராம். "உங்களுக்குத் தேவை செய்தியா, பழமா?" என்றாராம் இவர். இதையும் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். ஆனால் காற்றடிக்கும்போதெல்லாம் அந்த மரம் ஒரு கிளையை முறித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தது.

மழைக்கு முன்னால் மரவெட்டியைக் கூட்டிவந்தேன். அவர் கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். ஒரு பக்கம் மட்டும்தான் மரத்தின் சத்தம் வந்தது. மற்றதெல்லாம் வெற்றுப் பானை.

"அண்ணி, இது மரமில்ல, மத்தளம்" என்றார். "உள்ள பூராவும் கரையான் தின்னுட்டு ஏப்பம் விட்டுடுச்சு. வெறும் தோல் நிக்குது."

என் கணவர் காப்பித் தம்ளரோடு வெளியே வந்தார்.

"என்னப்பா, என் மரத்துக்கு நாடி பாக்குறியா?"

"பாத்துட்டேண்ணே. உசிரு இல்ல."

"உசிரு இருக்கா இல்லையான்னு சொல்ல நீ யாரு? இந்தா, முதல்ல காப்பியக் குடி. ஏம்ப்பா, போன மாசம் பூரா நீ வேலைக்கே போகலையாமே? உன்னையும் வெட்டிடலாமா?"

"நான் விழுந்தா யாரும் சாகமாட்டாங்கண்ணே. இது விழுந்தா ஆள முடிச்சுடும்."

"இன்னும் ஒரு வருஷம் பாப்போம்" என்றார் இவர்.

மரவெட்டி காப்பியைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வெட்டுங்கள் என்றேன். அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டுச் சொல்லி அனுப்புங்க அண்ணி. நாளைக்குச் சபைல என் தலையத்தான் உருட்டுவாங்க" என்று கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். உவமை மரத்தை வெட்டியவன் என்ற பெயர் யாருக்கு வேண்டும்?

மழை ஒரு பிற்பகலில் வந்தது. முதலில் காற்று. நான் பம்ப் கொட்டகையில் இருந்தேன். மரத்தடியில் கட்டியிருந்த கிடேரிக் கன்று கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியது. அவர் ஓடினார். நான் அவரைக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்து, வந்துவிடுகிறேன் என்பதுபோலக் கையை உயர்த்தினார். முடிச்சை அவிழ்த்தும் விட்டார். கிடேரி என் பக்கமாக ஓடிவந்தது. மரம் வேரோடு சாயவில்லை. இடுப்பு உயரத்தில், உளுத்த இடத்தில், நொறுங்கி விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. அவ்வளவுதான் எழுத முடியும்.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அடக்கம் முடிந்த வாரமே சபை மூப்பர்கள் வந்தார்கள். விழுந்த மரத்தில் ஒரு பிரசங்க பீடம் செய்யலாம் என்று அவர்களுக்கு ஓர் எண்ணம். உவமைக்காரரைக் கொன்ற மரத்தின்மேல் வேதப்புத்தகத்தை வைத்து வாசிப்பது அவர்களுக்கு விசுவாசத்தின் சாட்சியாகப் பட்டது. அறுத்துப் பாருங்கள் என்றேன். மரவெட்டி வாளை வைத்து அறுத்தார். உள்ளே கரையான் மண்ணும் ஓட்டையும்தான் இருந்தன. ஒரு முக்காலிக்குக்கூட மரம் தேறவில்லை. மூப்பர்கள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்ததாகப் போதகர் வந்தார். சின்ன வயது, நல்ல பிள்ளை. எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் அவர் நல்லவராக இருந்தது இன்னும் கோபமூட்டியது. நிலத்தில் மிச்சமிருந்த அடிமரத்தின் முன்னால் நின்றவர் சட்டென்று குனிந்தார்.

"அம்மா! இங்க பாருங்க, துளிர்!" அவர் கண்கள் கலங்கிவிட்டன. "பட்டுப்போன மரத்துலேந்து துளிர்! கர்த்தர் பேசுறார்மா!"

நானும் குனிந்து பார்த்தேன். எருக்குழி ஓரத்தில் கூடை கூடையாக முளைக்கிற களைச்செடி. உளுத்த பொந்தில் விழுந்த விதை ஒன்று மழைக்கு முளைத்திருந்தது. இரண்டு விரலால் பிடுங்கி, வேரோடு அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது மரத்தோடது இல்ல ஐயா. களை. வேணும்னா எருக்குழிப் பக்கம் வாங்க, கர்த்தர் நாள் பூராவும் பேசிட்டிருக்கார்."

அவர் அதைக் கீழே போடவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் நின்றார். அந்தக் கோலத்திலேயே வந்த விஷயத்தைச் சொன்னார். அடிமரத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, ஒரு கல் நட்டு, ஜெபம் செய்ய ஓர் இடமாக அதை வைத்துக்கொள்ளச் சபை தீர்மானித்திருக்கிறது. கல்லில் என் கணவரின் வார்த்தையையே பொறிப்பார்கள்: இன்னும் ஒரு வருஷம். வருகிற ஞாயிறு நான் எழுந்து சாட்சி சொல்லவேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். என் கணவரின் மரணம் கர்த்தரின் சித்தம், அதை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்னால் போதும். சபை தேறும்.

"யோசனை யாரோடது?" என்றேன்.

"உங்க நாத்தனாரம்மாதான் முதல்ல சொன்னாங்க. அவங்களுக்கு அது ரொம்ப முக்கியம்மா."

அந்த வாரம் முழுவதும் நாத்தனார் காலையும் மாலையும் வந்தார். பெண்கள் ஐக்கியத்தின் தலைவி அவர். சபையில் அவர் இருமினால்கூடப் பாட்டை நிறுத்திவிடுவார்கள். நான் தீவனம் நறுக்கினால் அங்கே வந்து நின்றார். சாணி அள்ளினால் மூக்கை மூடிக்கொண்டு அங்கேயும் வந்து நின்றார்.

"ஒரே ஒரு வார்த்தைம்மா. கர்த்தர் சித்தம்னு சொல்லிட்டா மனசு அடங்கிடும்."

"யாரு மனசு, அக்கா?"

"உன் மனசுதான்."

"என் மனசு அடங்கவே வேணாம்."

"கர்த்தரையே எதுத்துக்கிட்டு நிப்பியா?"

அவருக்கு எப்படிச் சொல்வது? எதிர்த்துக்கொண்டு நிற்கக்கூட எனக்கு ஆண்டவர் கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே மாட்டின் விலாவில் நெற்றியை வைத்துக்கொண்டு கறந்தபடி ஜெபிப்பது என் பழக்கம். பெரிய ஜெபமெல்லாம் இல்லை. அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல அன்றாடச் சங்கதிகள். அடக்க ஆராதனைக்குப் பிறகு அது நின்றுபோயிருந்தது. கண்ணை மூடினால், மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று என் கணவரின்மேல் அதைத் தள்ளுகிற இரண்டு கைகள் தெரிந்தன. போதகர் வரைந்து கொடுத்த கைகள். அந்தக் கைகளின் சொந்தக்காரரிடம் பால் குறைந்துவிட்டது என்று நான் எப்படிப் போய்ச் சொல்வேன்? கர்த்தர் சித்தம் என்று நானும் என் வாயால் சொல்லிவிட்டால் அந்தக் கைகள் நிலைத்துவிடும். கணவரை இழந்தவள் ஆண்டவரையும் இழந்துவிடுவேன். எனக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

ஞாயிறு வந்தது. போதகர் கூப்பிட்டார். முன்னால் போய் மைக்கைப் பிடித்தேன். சாணி போக எவ்வளவு தேய்த்தாலும் என் நக இடுக்கில் பச்சை இருக்கும். மைக்கைப் பிடித்த கையை எல்லாரும் பார்ப்பதுபோல் இருந்தது.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மரத்தப் பத்திச் சொல்லச் சொன்னாங்க, சொல்றேன். அது பட்டுப்போன மரம். வெட்டுறதுக்கு நான் ஆள் கூட்டிட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் வெட்ட விடல."

"அல்லேலூயா!" என்றார் ஒரு மூப்பர். யார் மூச்சு விட்டாலும் அல்லேலூயா சொல்கிறவர் அவர்.

"அதுக்கு அல்லேலூயா இல்ல மூப்பரே. கொஞ்சம் சும்மா இருங்க."

பின் வரிசையில் யாரோ சிரித்து, அதை இருமலாக்கினார்கள். நாத்தனார் தலையில் போட்டிருந்த துணியை இழுத்து விட்டுக்கொண்டார்.

"கர்த்தர் சித்தம்னு சொல்லச் சொல்றாங்க. மரத்த வெட்டாதேன்னு கர்த்தர் எங்ககிட்ட என்னைக்கும் சொல்லல. காத்து அடிக்கிறப்பல்லாம் ஒரு கிளைய உடைச்சுப் போட்டு, வெட்டு வெட்டுன்னுதான் சொல்லிட்டிருந்தார். நாங்கதான் கேக்கல. அந்த உவமைல வர்ற தோட்டக்காரன் எதுக்கு ஒரு வருஷம் கேட்டான்? கொத்துறதுக்குக் கேட்டான். எரு வைக்கக் கேட்டான். இங்க யாரு கொத்தினா? நீங்கல்லாம் வந்தீங்க, மரத்தப் பாத்தீங்க, படம் எடுத்தீங்க, என்ன பொறுமைன்னு கண்ணத் தொடைச்சீங்க. மண்வெட்டியோட ஒருத்தராவது வந்தீங்களா? வருஷத்த மட்டும் வாங்கிட்டு மண்வெட்டியத் தொடாதவனுக்குப் பேரு பொறுமைசாலி இல்ல, அவனுக்குப் பேரு..."

அந்த வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. கன்றை மடியில் போட்டுக்கொண்டு பாடுகிற அவர் முகம் குறுக்கே வந்தது. நிறுத்தினேன்.

"அவர எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் செத்தது ஒரு தப்பால. அதத் தூக்கி ஆண்டவர் மேல போடாதீங்க. போட்டுட்டீங்கன்னா, அப்புறம் நான் யாருகிட்டப் போய் அழுவேன்?"

மைக்கை வைத்துவிட்டு, நடுவழியே நடந்து வெளியே வந்துவிட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. பாட்டுத் தொடங்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் கறந்து முடித்ததும் கடப்பாரையையும் கோடாலியையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு அடிமரத்துக்குப் போனேன். கல் வருவதற்குள் வேரோடு எடுத்துவிடுவது என்று முடிவு. மாமரத்தின் பக்கவேர்கள் ஓடுகிற தூரத்துக்கு அளவே கிடையாது. ஒவ்வொன்றாக மண்ணை விலக்கி, அறுத்து, இழுத்துப் போட்டேன். இடுப்பளவு குழிக்குள் நின்றுகொண்டிருந்தபோது மேலே நிழல் விழுந்தது. நாத்தனார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்றார்.

"சபை முன்னாடி என் தம்பியச் சோம்பேறின்னு சொல்லிட்டியே."

"சொல்லலக்கா. நிறுத்திட்டேன்."

"நீ நிறுத்தினதுதான் எல்லாருக்கும் நல்லாக் கேட்டுச்சு."

நான் கொத்திக்கொண்டே இருந்தேன்.

"அவன் ஏன் இந்த மரத்த விட்டு வெச்சான்னு உனக்குத் தெரியுமா?" என்றார்.

"பிரசங்கத்துக்கு."

"மண்ணாங்கட்டி. உனக்காக."

மண்வெட்டி நின்றது.

"கல்யாணமாகி எத்தன நாளாகியும் உனக்கு ஒண்ணும் தங்கல. எங்கம்மா, நான், சித்தப்பா எல்லாரும் இதே மரத்தடில உக்காந்து அவன்கிட்டப் பேசினோம். இவ வேணாம், அவங்க வீட்டுக்கே அனுப்பிடு, வேற பாப்போம்னோம். நீ அப்ப உங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்த. அவன் கோபப்படவே இல்ல. இந்த மரத்தத் தட்டிக்கிட்டே, 'இதுவும்தான் காய்க்கல, இத வெட்டிட்டனா? இன்னும் ஒரு வருஷம் பாப்போம்'னான். மறு வருஷமும் கேட்டோம். அதையேதான் சொன்னான். அப்புறம் எங்களுக்கே வெக்கமாப் போயி விட்டுட்டோம். அவன் விடல. மரத்த எடுத்தா நாங்க மறுபடி ஆரம்பிச்சுடுவோம்னு அவனுக்குப் பயம்."

இதைக் கேட்டு நான் நெகிழ்ந்துபோவேன் என்று அவர் நினைத்திருக்கலாம். படிக்கிறவர்களும் அப்படி நினைக்கலாம். எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. மண்வெட்டியைத் தூக்கிக் குழிக்கு வெளியே எறிந்தேன். நாத்தனார் ஒதுங்கிக்கொண்டார்.

"நான் மரமாக்கா? காய்ச்சாளா காய்க்கலையான்னு அண்ணாந்து பாத்துட்டு நிக்கிறதுக்கு? இந்தப் பண்ணைல விளைஞ்சதுல எது என் கை படாம விளைஞ்சுச்சு? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உங்க எல்லாருக்கும் நானே பதில் சொல்லியிருப்பேன். சொல்லிட்டு இந்த மரத்தையும் வெட்டிப் போட்டிருப்பேன். அவர் இருந்திருப்பார்! என்னைக் காப்பாத்துறேன்னு ஒரு மத்தளத்தக் காப்பாத்தியிருக்கார்!"

"அதான்" என்றார் நாத்தனார். குரல் வேறாகியிருந்தது. "அதான் எனக்கும் சோறு இறங்கல. நாங்க அன்னைக்கு வாயத் தொறக்காம இருந்திருந்தா இந்த மரம் எப்பவோ போயிருக்கும். கர்த்தர் சித்தம்னு நீ சொல்லிட்டா நான் தப்பிச்சுடுவேன்னு பாத்தேன். அவர் சித்தம் இல்லன்னா அது என் சித்தம்னு ஆயிடுதேம்மா."

அவரை அடிக்கலாம் போலிருந்தது. மெய்யாகவே கை ஓங்கும் தூரத்தில்தான் அவருடைய கால்கள் இருந்தன. வெடித்த குதிகால்கள், விரலிடுக்கெல்லாம் சேறு. என் கணவருக்கும் அப்படித்தான் குதிகால் வெடித்திருக்கும்.

"அந்தச் செருப்ப அங்கிட்டு வெச்சுட்டு, மண்வெட்டிய எடுத்துக்கிட்டுக் கீழ இறங்குங்க" என்றேன்.

இறங்கினார். பெண்கள் ஐக்கியத்தின் தலைவிக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லை. "என்னக்கா, தலை வாருறீங்களா? ஓங்கிப் போடுங்க." "போடுறேன்டி, அவசரப்படுத்தாத." என்னை 'டி' போட்டு அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் ஆணிவேரைச் சுற்றிக் கொத்தினேன், அவர் மண்ணை அள்ளி மேலே வீசினார், பாதி எங்கள் தலையிலேயே விழுந்தது. நடுவில் அவர் அழுதார். நான் ஆறுதல் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

வெயில் ஏறியபோது ஒரு சின்ன லாரி வந்து நின்றது. போதகர் இறங்கினார். பின்னால் கல், எழுத்துப் பொறித்து, பளபளவென்று.

"அம்மா, நேத்து நீங்க பேசினதுக்கப்புறம் இதக் கொண்டுவரலாமா வேணாமான்னு எனக்குத் தெரியல. கல்காரர் கேக்காம ஏத்திட்டு வந்துட்டார்" என்றார். அப்புறம்தான் குழிக்குள் இருந்த இரண்டாவது ஆளைப் பார்த்தார். "நீங்களுமா?"

"ஆமா, நானுந்தான்" என்றார் நாத்தனார். "கொட்டகை வாசல்ல மாடு வழுக்குது. கல்ல அங்க போடச் சொல்லுங்க. எழுத்துப் பக்கம் அடியில இருக்கட்டும். போட்டுட்டு இறங்கி வாங்க."

போதகர் காலணியைக் கழற்றி, காலுறையை மடித்து அதற்குள் வைத்து, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். கடப்பாரையை அவர் பிடித்த பிடியைப் பார்த்து, "ஐயா, அது மைக் இல்ல, ரெண்டு கையாலயும் பிடிங்க" என்றார் நாத்தனார். ஆனால் ஆள் தளரவில்லை. உள்ளங்கை கொப்பளித்தும் விடவில்லை. மூன்று பேரும் கடப்பாரையில் தொங்கி அழுத்தியபோது ஆணிவேர் கீழே எங்கேயோ முறிந்தது. மூவரும் சேற்றில் விழுந்தோம்.

கொஞ்சநேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு போதகர், பழக்கத்தில், "ஜெபம் பண்ணலாமா?" என்றார்.

"நான் பண்றேன்" என்றேன்.

கண்ணை மூடினேன். கைகள் தெரிந்தன. இந்தமுறை கண்ணைத் திறந்துவிடவில்லை.

"ஆண்டவரே, எனக்கு உம்மேல கோபம். அவர் மேலயும் கோபம், இதோ உக்காந்திருக்காங்களே, இவங்க மேலயும் கோபம். அவர் செத்தது உமக்கும் பிடிக்கலைன்னுதான் நான் நம்புறேன். உமக்கு அது பிடிச்சிருந்துச்சுன்னா இப்பவே சொல்லிடும், நான் குழியிலேந்து ஏறி என் வழியப் பாத்துட்டுப் போயிடுறேன்."

காத்திருந்தேன். லாரி தூரத்தில் போகிற சத்தம். கிடேரி ஒருமுறை கத்தியது. போதகர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. வேறொன்றும் இல்லை. கைகள் என்னவாயின என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மரத்தைத் தள்ளுகிற கைகளாக இருந்தவை, சாயும் மரத்தைத் தாங்கப் பார்த்த கைகளாகவும் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. தள்ளுவதற்கும் தாங்குவதற்கும் உள்ளங்கை ஒரே மாதிரிதான் விரியும். அது எனக்கு ஆறுதலாக இல்லை. ஆனால் பேசலாம் போலிருந்தது.

"சரி. அப்ப வேலையப் பாப்போம். இந்தக் குழிய எருப் போட்டு மூடணும், நாளைக்கு உழவுக்குச் சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் மழைய அனுப்பாதேயும். வேற ஒண்ணும் உம்மகிட்டக் கேக்கல."

"ஆமென்" என்றார் நாத்தனார், போதகரை முந்திக்கொண்டு.

எருக்குழியிலிருந்து கூடை கூடையாகச் சுமந்தோம். குழி பாதிதான் நிறைந்திருந்தது. சாயங்காலம் வானம் கறுத்தது. அண்டா அண்டாவாகக் கவிழ்த்ததுபோல் மழை இறங்கியது. போட்ட எரு மிதந்து, வழிந்து, முற்றமெல்லாம் பரவியது. போதகர் காலணியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடினார். உழவு அந்த வாரம் முழுவதும் நடக்காது என்று பார்த்ததுமே தெரிந்தது.

நான் கொட்டகை வாசலில் நின்று, கண்ணை மூடாமல், வானத்தைப் பார்த்து, ஆண்டவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரே ஒரு நாள் கேட்டேனே என்றேன். காதில் விழவில்லையா என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன்; எல்லாம் எழுதுவதற்கில்லை.

"மெதுவாத் திட்டு" என்றார் நாத்தனார் உள்ளேயிருந்து. "மாடு மிரளுது."